வலை போட்ட கிணறு

கிணற்றுக்கு வலை போட வேண்டும் என்று பிரசாந்தி சொன்னபோது வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. டெங்குக் காலம். சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ., போன கிழமைதான் உடுப்பிட்டியில் அவர்களுடைய ஒழுங்கைக்கு வந்து, ஒவ்வொரு வளவாகப் பார்த்து, சிரட்டை, பழைய ரயர் எல்லாவற்றையும் அப்புறப்படுத்தச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதனால் அப்பா மார்க்கண்டு மறுபேச்சில்லாமல் நெல்லியடிக்குப் போய்ப் பச்சை வலை வாங்கி வந்தார். புருசன் கீர்த்திகன் மோட்டார் சைக்கிள் உதிரிப்பாகக் கடையில் வேலை. அவன் வேலையால் வந்த கையோடு வலையைக் கிணற்றுக் கட்டின் மேல் இழுத்து விரித்துக் கயிறு சுற்றிக் கட்டினான். வாளி போய்வர ஒரு பக்கத்தில் மட்டும் வாய் விட்டிருந்தான்.

"அந்த வாயையும் மூடுங்கோ" என்றாள் பிரசாந்தி. அவள் கிணற்றடிக்கு வரவில்லை. குசினி வாசலில் நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

"மூடினால் என்னெண்டு தண்ணி அள்ளுறது?"

"மோட்டர் இருக்குத்தானே."

"கரண்ட் நிண்டால்?"

கீர்த்திகன் அவளுடைய முகத்தைப் பார்த்தான். பிறகு ஒன்றும் கேட்காமல் அந்த வாயையும் மூடிக் கட்டினான். பிள்ளை பெற்றவள் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போவதுதானே என்று நினைத்திருப்பான்.

அவளுக்கு முப்பத்தொரு வயது. பிரதேச செயலகத்தில் அபிவிருத்தி உத்தியோகத்தர். கலியாணம் முடித்து நான்கு வருசம் காத்திருந்து, கோயில் குளம் எல்லாம் நேர்ந்து, பெற்ற பிள்ளை நிருஷன். பிள்ளை வயிற்றில் இருந்த காலம் முழுக்க அவள் சந்தோசமாகத்தான் இருந்தாள். பிறந்த பிறகும் அப்படித்தான். பதினெட்டாம் நாள் வரைக்கும்.

அன்றைக்குக் காலை பத்து மணியிருக்கும். அம்மா குணலட்சுமி கிணற்றடியில் வேப்பிலை அவித்த சுடுதண்ணீரில் பச்சைத் தண்ணீர் கலந்து, முழங்கையால் தொட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தாள். பிரசாந்தி பிள்ளையை வெள்ளைத் துவாயில் சுற்றி ஏந்தியபடி பக்கத்தில் நின்றாள். நல்ல வெயில். வேலிப்பக்கம் ஒரு செண்பகப் பறவை கத்தியது. அவள் எதையும் நினைத்துக்கொண்டிருக்கவில்லை. அந்த நேரத்தில் தன் இரண்டு கையும் நீண்டு, பிள்ளையைக் கிணற்றுக்குள் விடுவதை அவள் கண்டாள். துவாய் விரிவது தெரிந்தது. தண்ணீரில் விழும் சத்தமும் கேட்டது.

ஒன்றும் நடக்கவில்லை. பிள்ளை நெஞ்சோடுதான் இருந்தது. அவளுடைய பிடி இறுகியதில் வீரிட்டு அழத் தொடங்கியது.

"என்னடி, பிள்ளையை ஏன் இப்பிடி நெரிக்கிறாய்?" என்றாள் அம்மா.

நித்திரையில்லாத அலுப்பு என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த நாளும் வந்தது. அதற்கடுத்த நாள் கிணற்றடிக்குப் போகாமலே, கட்டிலில் இருந்து பால் கொடுக்கும்போது வந்தது. பிறகு அதற்கு நேரம் காலம் இல்லை. சோற்றுக் கோப்பையில் கை வைத்தால் வரும். பிள்ளை கொட்டாவி விட்டால், அதைப் பார்த்து அவள் சிரித்தால், சிரித்து முடிவதற்குள் வரும். ஒவ்வொரு முறையும் அதே துவாய், அதே சத்தம்.

தனக்கு என்ன நடக்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. இந்தப் பிள்ளைக்கு ஒரு நுளம்பு கடித்தால் அவளுக்கு வயிறு எரியும். அப்படியிருக்க இது ஏன் வருகிறது? தான் வேண்டாத ஒன்று தன் தலைக்குள் எப்படி வரும்? வருகிறதென்றால், உள்ளே எங்கேயோ தனக்கு அது வேண்டும் என்று இருக்கிறதா? யோசிக்க யோசிக்க முதலும் முடிவும் தெரியாமல் போனது. கந்தோரில் எந்தப் பிரச்சினையோடு சனம் வந்தாலும், அது எந்தப் பகுதிக்குரியது, எந்தக் கோப்பில் போடவேண்டும் என்று நின்ற நிலையில் சொல்லக்கூடியவள் அவள். இதை எதற்குள் போடுவது?

ஒருநாள் போனில் தேடிப் பார்த்தாள். 'தாய், பிள்ளை, கிணறு' என்று அடித்தாள். வந்தவை எல்லாம் செய்திகள். எங்கெங்கோ ஊர்கள், பொலிஸ், பிரேத பரிசோதனை. இப்படிப்பட்ட செய்திகளை அவளும் முன்பு கந்தோரில் தேநீர் குடித்துக்கொண்டே வாசித்திருக்கிறாள். "இவளெல்லாம் ஒரு தாயோ" என்று சொல்லியும் இருக்கிறாள். போனைத் தலையணைக்குக் கீழே தள்ளிவிட்டாள்.

அன்றிலிருந்து அவள் பிள்ளையைக் காப்பாற்றத் தொடங்கினாள், தன்னிடமிருந்து. நாரி நோகிறது, குனிய ஏலாது என்று சொல்லிப் பிள்ளையைக் குளிக்க வார்ப்பதை அம்மாவிடம் விட்டாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குசினிப் பக்கம் போவதில்லை. பின் கதவு திறந்து கிடந்தால் எழும்பிப் போய்த் தாழ்ப்பாள் போடுவாள். போட்டுவிட்டு வந்து, போட்டேனா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பாள். வலை போடச் சொன்னதும் அப்படித்தான். வலை போட்ட அன்று பின்னேரம் மட்டும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது. அடுத்த நாள் விடிந்ததும், அந்தக் கயிற்றின் முடிச்சை அவிழ்க்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று யோசித்துக்கொண்டு கிடந்தாள்.

"பிள்ளைப்பெத்த உடம்பு, பயந்திருக்கிறாள்" என்று அம்மா கோயில் ஐயரிடம் நூல் ஓதுவித்துக் கட்டினாள். பிள்ளைப்பெற்றவளுக்கு வைக்கும் சரக்குக்கறியில் மிளகைக் கொஞ்சம் கூட்டினாள். பிரசாந்தி நூலைக் கட்டிக்கொண்டாள், கறியையும் சாப்பிட்டாள். ஆனாலும் கண்ணுக்குள் அந்தப் படம் வந்துகொண்டுதான் இருந்தது.

நாலாம் கிழமை முடிய, குடும்பநல உத்தியோகத்தர் யசிந்தா மிஸ்ஸி கிளினிக்கில் பிள்ளையை நிறுத்துவிட்டு, தாய்க்கென்று ஒரு தாளும் பேனையும் தந்தாள். பத்துக் கேள்விகள். போன ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா, காரணமில்லாமல் பயந்தீர்களா, அழுதீர்களா என்று வரிசையாக இருந்தன. மற்றவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்தே பழகிய கை, ஒவ்வொன்றையும் அளந்து குறைத்துப் போட்டது. கடைசிக் கேள்வி, தனக்குத் தானே தீங்கு செய்யும் எண்ணம் வந்ததா என்பது. அப்படி ஒருநாளும் வந்ததில்லை. 'ஒருபோதும் இல்லை' என்று உண்மையாகவே போட்டாள். போட்டுவிட்டுத் தாளைத் திருப்பிப் பார்த்தாள். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

மிஸ்ஸி புள்ளிகளைக் கூட்டினாள். "ஆறு. பிரச்சினை இல்லை. நித்திரை கொள்ளுறியளோ?"

"ஓம், மிஸ்ஸி."

"ஏதும் எண்டால் எடுங்கோ. என்ரை நம்பர் அட்டையிலை இருக்கு."

ஏதும் என்றால் என்ன, எவ்வளவு இருந்தால் அது 'ஏதும்' என்று கேட்க வாய் வந்தது. பின்னால் வேறு தாய்மார் காத்திருந்தார்கள். அவள் பிள்ளையை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டாள்.

நாற்பத்து மூன்றாம் நாள், ஒரு புதன்கிழமை, மோட்டர் தண்ணீர் இழுக்கவில்லை. அடி வால்வில் ஏதோ அடைத்துவிட்டது. மார்க்கண்டு வலையை அவிழ்த்துச் சுருட்டி ஓரமாகப் போட்டு, குழாயை மேலே இழுத்து வைத்துவிட்டு, புது வால்வ் வாங்கச் சந்திக்குப் போனார். குணலட்சுமி வெங்காயத் தோட்டத்தில் நின்றாள். கீர்த்திகன் கடையில். பிரசாந்திக்கு இது ஒன்றும் தெரியாது. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, சுடுதண்ணீர்ப் போத்தலை எடுக்கக் குசினிக்குள் வந்தாள். பின் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. அதற்கு அங்கால், பத்து அடியில், கிணறும் வாய் திறந்து கிடந்தது.

படம் வந்தது. இந்த முறை வந்து போகவில்லை. திரும்பத் திரும்ப, ஒன்று முடிய முன்னம் மற்றது. அவள் கண்ணை மூடினாள். திறந்தபோது குசினிப் படியின் கீழே, வெறும் மண்ணில் நின்றாள். படியால் எப்போது இறங்கினாள்? கதவைச் சாத்தத்தான் இறங்கினாளா? இல்லை, போய்க்கொண்டிருந்தாளா? அவளுக்கு ஞாபகமில்லை. எவ்வளவு யோசித்தும் அந்த ஒரு எட்டு எதற்கு வைத்தது என்று தெரியவில்லை.

அவள் திரும்பி ஓடினாள். பின் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். விறாந்தையில் பாயை விரித்து நடுவில் பிள்ளையைக் கிடத்தி, இரண்டு பக்கமும் தலையணை வைத்தாள். பிள்ளை முழித்துக்கொண்டு அவளைப் பார்த்தது. அவள் முன் கதவைச் சாத்திக்கொண்டு, வீட்டுச் சட்டையோடு, செருப்பும் இல்லாமல் படலையைத் திறந்து வெளியே வந்தாள்.

"மகாதேவியக்கா, பிள்ளை தனியக் கிடக்கு. ஓடிப்போய்ப் பாருங்கோ" என்று பக்கத்து வீட்டு வேலியைப் பார்த்துக் கத்தினாள். அந்த மனுசி வெளியே வந்து, "ஏன், நீ எங்கை போறாய்?" என்று கேட்டபோது அவள் ஒழுங்கை முகப்பைத் தாண்டியிருந்தாள்.

எங்கே போவது என்று அவள் யோசிக்கவில்லை. பிள்ளைக்கும் தனக்கும் நடுவே எவ்வளவு தூரம் வருகிறதோ அவ்வளவும் நல்லது என்பது மட்டும்தான் தெரிந்தது. பள்ளிக்கூட மதில் ஓரமாக நடந்தாள். உள்ளே ஏதோ வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. தார் றோட்டு காலைச் சுட்டது. கால் அவளைக் கொண்டுபோய் விட்ட இடம் யசிந்தா மிஸ்ஸியின் கிளினிக். பூட்டியிருந்தது. அவள் வாசல் படியில் இருந்தாள். பிள்ளைக்குப் பசிக்கும் நேரம் வந்திருக்க வேண்டும், பால் ஊறிச் சட்டை முன்பக்கம் நனைந்தது. அதைப் பார்த்ததும்தான் அழுகை வந்தது. ஓடி வந்ததற்கு அழுகிறாளா, திரும்பிப் போக முடியாததற்கு அழுகிறாளா என்றும் அவளுக்குத் தெரியவில்லை.

முக்கால் மணித்தியாலம் கழித்து மிஸ்ஸியின் ஸ்கூட்டி வந்தது. கீர்த்திகன் அவளுக்கும் போன் பண்ணித் தேடியிருந்தான். மிஸ்ஸி ஹெல்மெட்டைக் கழற்றாமலே முதலில் அவனுக்கு அழைத்து, "இஞ்சைதான் இருக்கிறா. ஒண்டுமில்லை. பிள்ளை எப்பிடி?" என்று கேட்டாள். பிறகு கதவைத் திறந்து, பிரசாந்தியைக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்தாள்.

"பிள்ளை உங்கடை அம்மாவோடை இருக்கிறான். அழுது போட்டு இப்ப நித்திரையாம்."

பிரசாந்தி தலையாட்டினாள்.

"ஏன் வந்தனீங்கள்?"

"தெரியேல்லை, மிஸ்ஸி."

மிஸ்ஸி கதிரையை இழுத்துக் கிட்டவாக இருந்து, "நான் ஒண்டு கேக்கிறன், கோவிக்க வேண்டாம். பிள்ளைக்கு ஏதோ நடக்கிற மாதிரி, இல்லாட்டி நீங்களே ஏதோ செய்யிற மாதிரி, நினைவுகள் வருதோ?" என்றாள்.

பிரசாந்தி நிமிர்ந்து பார்த்தாள். "அந்தக் கேள்வி அதிலை இல்லை."

"எதிலை?"

"நீங்கள் தந்த பேப்பரிலை. திருப்பியும் பாத்தனான்."

மிஸ்ஸியின் முகம் மாறியது. "ஓம், அதிலை இல்லைத்தான்" என்றாள் மெதுவாக. "நான் வாயாலை கேட்டிருக்கலாம். இப்ப சொல்லுங்கோ."

அவள் சொன்னாள். துவாய், சத்தம், வலை, படியால் இறங்கியது, எல்லாம். இருபத்தைந்து நாளாக வாய்க்குள் வைத்திருந்ததைச் சொல்லி முடிக்க ஐந்து நிமிசமும் எடுக்கவில்லை. முடித்ததும் கேட்டாள்: "பிள்ளையை என்னட்டையிருந்து எடுத்துப்போடுவினமோ?"

"ஆர்?"

"எங்கடை கந்தோரிலை சிறுவர் பகுதி இருக்கு. அந்த ஃபோம் எனக்குத் தெரியும், மிஸ்ஸி. தாயின் பெயர், முகவரி, சம்பவம். நானே பக்கத்து மேசைக்கு எடுத்துக் குடுத்திருக்கிறன்."

"இப்ப ஒருத்தரும் ஃபோம் நிரப்பேல்லை. எனக்கு இதைப்பற்றி முழுக்கத் தெரியாது. தெரிஞ்ச டொக்டர் யாழ்ப்பாணத்திலை இருக்கிறா. இண்டைக்கே போவம். நானும் வாறன். பிள்ளையும் வரட்டும்."

கீர்த்திகன் ஓட்டோ பிடித்துக்கொண்டு வந்தான். உள்ளே அம்மா பிள்ளையோடு இருந்தாள். போகிற இடம் மனநலப் பிரிவு என்று கேட்டதும் அவள் ஓட்டோக்காரனுக்குக் கேளாத குரலில், "விசர் வாட்டுக்கோ? என்ன கதை இது? நாளைக்கு இவளை ஆர் மதிப்பினம்?" என்றாள். கீர்த்திகன் மாமியையும் பார்த்தான், மிஸ்ஸியையும் பார்த்தான். மிஸ்ஸி ஸ்கூட்டியைக் கிளினிக்குக்குள் விட்டுப் பூட்டிவிட்டு வந்து ஏறிக்கொண்டாள். வழியில் பிரசாந்தி பிள்ளைக்குப் பால் கொடுத்தாள். பிள்ளை குடித்து முடிக்கும் வரைக்கும், அம்மாவின் கை பிள்ளையின் முதுகுக்குக் கீழே ஏந்தினபடி இருந்தது. பள்ளத்தில் ஓட்டோ குலுக்காத இடத்திலும் அந்தக் கை எடுபடவில்லை.

டொக்டருக்கு அவளுடைய வயதுதான் இருக்கும். நிறையக் கேட்டாள். யாரும் காதுக்குள் கதைக்கிற மாதிரிச் சத்தம் கேட்கிறதா? இப்படிச் செய் என்று கட்டளை வருகிறதா? இந்தப் பிள்ளை தன்னுடையது இல்லை என்றோ, இதற்குள் வேறு ஏதோ இருக்கிறது என்றோ தோன்றுகிறதா? நித்திரையே தேவையில்லை என்பது போல உற்சாகமாக இருக்கிறதா? எல்லாவற்றுக்கும் பிரசாந்தி இல்லை என்றாள்.

"அந்தப் படம் வரேக்கை உங்களுக்கு என்ன செய்யுது?"

"கை குளிரும்."

"பிறகு?"

"பிள்ளையை வைச்சுப்போட்டு விலகிப் போவன்."

டொக்டர் பேனையைக் கீழே வைத்தாள். "பிரசாந்தி, இப்பிடியான நினைவுகள் பிள்ளை பெத்த கனபேருக்கு வாறதுதான். வெளியிலை சொல்லமாட்டினம். கனபேருக்கு அது வந்த வழியாலை போயிடும். உங்களிலை அது ஒட்டிப் பிடிச்சிட்டுது. நீங்கள் தள்ளத் தள்ள அது திரும்பித் தள்ளுது. செய்ய விருப்பப்படுறவைக்கு இப்பிடிக் கை குளிராது. இதுவும் காய்ச்சல் மாதிரி ஒரு வருத்தம். மாத்தலாம்."

"அப்ப நான் செய்யமாட்டன் எண்டு எழுதித் தருவியளோ?"

அவள் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. ஒரு தாளில், இறப்பர் முத்திரை குத்தி, இன்னார் இன்னதைச் செய்யமாட்டார் என்று யாராவது எழுதித் தந்தால் அதை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். டொக்டரும் சிரிக்கவில்லை.

"நான் எழுதித் தந்தால் இண்டைக்கு நல்லாயிருக்கும். நாளைக்கு, டொக்டர் பிழையா எழுதிட்டாவோ எண்டு யோசிப்பியள். வலை போட்ட பிறகு கயித்தைப் பற்றி யோசிச்ச மாதிரி. நூற்றுக்கு நூறு தெரிய வேணும் எண்டு கேக்கிறதுதான் இந்த வருத்தத்தின்ரை குணம். அது ஒருத்தருக்கும் கிடைக்கிறேல்லை. எனக்கும்தான்."

மருந்து எழுதினாள். பால் கொடுக்கிறவர்களும் குடிக்கக்கூடியது, குணம் தெரிய மூன்று நாலு கிழமை செல்லும் என்றாள். கிழமைக்கு ஒருமுறை வந்து கதைக்க வேண்டும். கீர்த்திகனையும் அம்மாவையும் உள்ளே கூப்பிட்டு, பிள்ளை தாயோடுதான் இருக்க வேண்டும், பகலில் ஒரு நித்திரைக்கு மட்டும் நீங்கள் பிள்ளையை வாங்க வேண்டும், மற்றப்படி இவளைக் காவல் காக்கத் தேவையில்லை என்றாள். பேச்சு மாறினால், நித்திரையே இல்லாமல் போனால், ஏதும் சத்தம் கேட்கிறது என்றால் மட்டும் ஒரு நிமிசமும் தாமதிக்காமல் கொண்டுவரச் சொன்னாள்.

வெளியே மருந்துக்கு நின்றபோது கீர்த்திகன், "எனக்கு ஒண்டும் விளங்கேல்லை" என்றான். "வருத்தம் எண்டுறா. பயப்பிடாதேங்கோ எண்டுறா. மாறினால் ஓடி வாங்கோ எண்டுறா. இதிலை நான் எதைப் பிடிக்கிறது?" வரிசையில் ஓர் அடி முன்னே போய், "நீர் ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்றும் கேட்டான்.

"சொன்னால் நீங்கள் என்ன செய்திருப்பியள்?"

அவன் யோசித்தான். "தெரியேல்லை" என்றான்.

வீட்டுக்குத் திரும்பியபோது கதை அவர்களுக்கு முன்னமே வந்து சேர்ந்திருந்தது. பிள்ளையை எறிந்துவிட்டுத் தாய் ஓடிவிட்டாள் என்று மகாதேவியக்கா இரண்டு வீட்டுக்குச் சொல்ல, இரண்டு வீடும் ஒழுங்கைக்குச் சொல்லியிருந்தது. அம்மா அதைக் கேட்டு மகாதேவியோடு வேலியில் நின்று சண்டை பிடித்தாள். சண்டை பிடித்துவிட்டு உள்ளே வந்து, பிரசாந்தி பிள்ளையைத் தூக்கினால் தானும் எழும்பினாள். அவள் அறைக்குப் போனால் வாசலில் வந்து நின்றாள். பகல் முழுக்க அவளுடைய காலடிச் சத்தம் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. டொக்டர் சொன்னது எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது. ஆனால் சொன்னபடி செய்ய ஒருவருக்கும் துணிவு வரவில்லை. உண்மையில் பிரசாந்திக்கே அந்தக் காலடிச் சத்தம் கேட்டால்தான் நிம்மதி. கேட்கிற அதே நேரம், தான் பெற்ற தாயே தன்னைக் கள்ளியைப் போலப் பார்க்கிறாள் என்று நெஞ்சு கொதித்தது. இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி இருக்க முடியும் என்று அவளுக்கு விளங்கவில்லை.

யாழ்ப்பாணம் போய்வந்த பதினொராம் நாள் அவள் பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"அம்மா, நீங்கள் என்னை நம்புறியளோ இல்லையோ?"

குணலட்சுமி பிள்ளையின் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். மடித்ததை விரித்து மறுபடியும் மடித்தாள்.

"எனக்குத் தெரியேல்லையடி. நீயே உன்னை நம்பேல்லை எண்டு சொல்லுறாய். நான் என்னெண்டு நம்புறது? நம்பாமல் விட்டால் நோகிறது நீ, என்ரை பிள்ளை. நம்பி விட்டு ஏதும் நடந்தால் போறது இவன், உன்ரை பிள்ளை. எனக்கு ஆரைப் பாக்கிறது எண்டு தெரியேல்லை."

சொல்லிவிட்டு அவள் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். பிரசாந்திக்குக் கோபம் வரவில்லை. யாரோ தன்னைப்போலவே தட்டுக்கெட்டு நிற்பதைக் கண்டது போல இருந்தது. அவள் போய் அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து, மிச்சம் கிடந்த உடுப்புகளை மடித்தாள். அடுத்த நாளிலிருந்து அம்மா வாசல் வரைக்கும் வராமல், விறாந்தைக் கதிரையோடு நின்றுகொண்டாள்.

அடுத்த மாதம் டொக்டர் ஒரு வேலை கொடுத்தாள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிணற்றடியில் போய் நிற்க வேண்டும். தேவாரம் சொல்லக்கூடாது, ஒன்று இரண்டு எண்ணக்கூடாது, கண்ணை மூடக்கூடாது. படம் வந்தால் வரட்டும். பயம் தானாக இறங்கும் வரைக்கும் நிற்க வேண்டும். முதலில் தூரத்தில், பிறகு கிட்ட. வலை இருக்கட்டும், ஊரில் எல்லாக் கிணற்றுக்கும் வலை நல்லது, ஆனால் அது உங்களுக்காக இல்லை என்றாள். அதைச் செய்யச் சொன்னபோது பிரசாந்திக்கு டொக்டரிலேயே சந்தேகம் வந்தது. நோயாளியின் சொல்லை நம்பி இப்படி ஒரு காரியத்தைச் செய்யச் சொல்லுகிற டொக்டரும் இருப்பாளா?

முதல் நாள் குசினிப் படி. மூன்றாம் நாள் கமுக மரத்தடி. இரண்டாம் கிழமை கிணற்றுக் கட்டு. கீர்த்திகன் கடைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு மாட்டுக்கொட்டில் பக்கம் நின்றான். கிட்ட வரக்கூடாது என்பது டொக்டரின் கட்டளை, தூரப் போக அவனால் முடியவில்லை. அப்பா மார்க்கண்டு வந்து, யாரையும் பாராமல், வாளி போகிற பக்கத்து வாயை மட்டும் அவிழ்த்துவிட்டார். "வாய் இருக்க வேணும். எப்ப கரண்ட் நிக்கும் எண்டு ஆருக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போனார். இந்த விசயத்தில் அவர் வாய் திறந்தது அன்றைக்கு மட்டும்தான்.

அவள் நின்றாள். படம் வந்தது. துவாய் விரிந்தது, சத்தம் கேட்டது. கை குளிர்ந்தது. வந்தது மறுபடியும் வந்தது. பிள்ளை அவளுடைய தலைமயிரைப் பிடித்து இழுத்தது, தும்மியது, குடித்த பால் மணக்க ஏவறை விட்டது. படத்துக்கும் பிள்ளைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லாதது போல இரண்டும் தங்கள் பாட்டில் நடந்துகொண்டிருந்தன. எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியாது. ஒரு கட்டத்தில் காலில் எறும்பு கடித்தது. குனிந்து சொறிய வேண்டும் போல இருந்தது. அப்போதுதான் கவனித்தாள், கொஞ்ச நேரமாக அவளுக்குப் பயத்தை விட அலுப்புத்தான் கூடுதலாக இருந்தது.

"என்ன மாதிரி?" என்று கீர்த்திகன் கொட்டிலடியிலிருந்து கேட்டான்.

"தெரியேல்லை. கால் உளையுது."

அவன் முகத்தைத் திருப்பினான். தோள் குலுங்கியது. அழுகிறானா, சிரிக்கிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

அதோடு எல்லாம் சரியாகிவிடவில்லை. நாலு நாள் ஒன்றும் இல்லாமல் இருக்கும். ஐந்தாம் நாள் கோயிலில், சனத்துக்கு நடுவே, முதல் நாள் வந்தது போல வந்து நிற்கும். அப்போதெல்லாம் இந்த மருந்து, இந்த நிற்பு, எல்லாம் வெறும் ஏமாற்றோ என்று தோன்றும். மிஸ்ஸி பிள்ளைக்கு ஊசி போட்ட அன்று பிரசாந்தி அதை அவளிடம் சொன்னாள். "வந்துது. பிறகு?" என்று மிஸ்ஸி கேட்டாள். பிறகு தீபாராதனை பார்த்ததும், பிரசாதம் வாங்கியதும், பிள்ளைக்கு வேர்க்கிறது என்று வெளியே வந்ததும்தான் நடந்தது. அதைச் சொல்லும்போதுதான் அவளுக்கே அது தெரிந்தது. மிஸ்ஸி இப்போது தாய்மாருக்குத் தாளைக் கொடுத்து வாங்கிய பிறகு, தாளில் இல்லாத ஒரு கேள்வியையும் கிட்டவாக இருந்து கேட்கிறாள் என்று வேறொரு தாய் சொல்லப் பிரசாந்தி அறிந்தாள்.

பிள்ளைக்கு ஐந்து மாதம் நடக்கும்போது தோட்டத்தில் வெங்காயம் கிண்டி எடுக்கத் தொடங்கினார்கள். கூலிக்கு ஆள் போதவில்லை. காலையில் அப்பா போனார். கொஞ்ச நேரத்தில் அம்மாவும் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு வந்து நின்றாள். போகட்டோ என்று அவள் கேட்கவில்லை. "சோறு பானையிலை கிடக்கு. கத்தரிக்காய்க் கறியை ஒருக்காச் சூடாக்கு" என்றாள். பிறகு படலை சாத்தும் சத்தம் கேட்டது.

பிள்ளை பிறந்த நாளிலிருந்து அந்த வீட்டில் அவளும் பிள்ளையும் மட்டும் இருப்பது இதுதான் இரண்டாம் தடவை. அவள் விறாந்தையில் நின்று எதற்கோ காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. வந்தால் என்ன செய்வது என்று யோசித்துவைத்ததெல்லாம் கையில் மிஞ்சி நின்றது. பிள்ளை அழுதது. பால் கொடுத்தாள். துணி மாற்றினாள். கறியைச் சூடாக்கினாள், சூடாக்கியதைச் சாப்பிட மறந்தாள். பிள்ளை குப்புறப் பிரண்டு, மல்லாக்கத் திரும்ப முடியாமல் கோபித்துக் கத்தியது. நிமிர்த்திவிட்டாள், மறுபடியும் பிரண்டது. அதோடு விளையாடி விளையாடி அவளுக்குக் கண் சொருகியது. பாயில் பிள்ளைக்குப் பக்கத்தில் சரிந்தாள்.

வெளியே பேச்சுக்குரல் கேட்டுத்தான் முழித்தாள். அம்மாவும் அப்பாவும் ஏதோ வாக்குவாதப்பட்டுக்கொண்டு கால் கழுவினார்கள். சாக்கை எங்கே வைப்பது என்பது பற்றி. பிள்ளை வாயைத் திறந்தபடி, ஒரு கையை அவளுடைய கழுத்தில் போட்டுக்கொண்டு நித்திரை. யன்னலால் மஞ்சள் வெயில் விழுந்திருந்தது. காலையா, பின்னேரமா என்று அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை.

"சத்தம் போடாதேங்கோ" என்று அம்மா வெளியே சொல்வது கேட்டது. "ரெண்டும் படுக்குதுகள்."

பிரசாந்தி எழும்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டாள்.